ஆப்பிளின் கவனம் மேக்கை விட்டு ஐபோனுக்குப் போய்விட்டது: பழைய ஆப்கிட் செயலியை என்ன செய்வது?

தாள்கட்டு (கேள்வி கேட்டவர்; அடுத்து வரும் பெயர்கள் பதில் எழுதியவர்களுடையவை)

மேக்கில் மட்டும் ஓடும் ஒரு வரைபட, குறிப்புச் செயலி. ஆப்கிட்டில் (மேக் செயலிகளின் இடைமுகத்துக்கான ஆப்பிளின் பழைய நிரல்தொகுப்பு) எழுதியது, பெரும்பகுதி ஆப்ஜெக்டிவ்-சி மொழி, மேலே கொஞ்சம் புதிய ஸ்விஃப்ட். ஆவணத்தைத் திறந்து சேமிக்கும் வேலைக்கு ஆப்கிட்டின் என்எஸ்டாக்குமென்ட் வகுப்புதான் அடிப்படை. பயனருக்கு ஒரே கோப்பாகத் தெரிவது உண்மையில் ஓர் அடைவு: உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்று, படங்கள், கீட்-ஆர்க்கைவர் (நிரலின் பொருள்களை வகுப்புப் பெயரோடு கோப்பில் எழுதும் வசதி) மூலம் எழுதிய நிறம், எழுத்துரு விவரங்கள். இடைமுகத்தில் பாதி, கோகோ பைண்டிங்ஸாக (நிரல் எழுதாமலே தரவைத் திரையோடு பிணைக்கும் மேக் வசதி), திரை வடிவமைப்பை வைத்திருக்கும் நிப் கோப்புகளுக்குள் இருக்கிறது. விற்பனை நேரடியாகத்தான்; மேக் ஆப் ஸ்டோரில் இல்லை. குழுவில் நான்கு நிரலாளர்கள்.

குழுவுக்குள் இரண்டு கட்சி. ஆப்பிளின் கவனம் முழுக்க மொபைலுக்குப் போய்விட்டது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்விஃப்ட்யூஐயில் (ஆப்பிளின் எல்லாக் கருவிகளுக்குமான புதிய இடைமுகத் தொகுப்பு) புதிதாக எழுதி ஐபேடுக்கும் மேக்குக்கும் ஒரே செயலியாகக் கொடுப்போம் என்கிறது ஒன்று. ஐபேட் நம் பயனர்களுக்கு வேண்டாத வேலை, இருப்பதைப் பராமரிப்போம் என்கிறது மற்றொன்று.

தெரிய வேண்டியவை: ஆப்பிள் கைவிட்ட பழைய மேக் நிரல்தொகுப்பான கார்பனுக்கு வந்த கதி ஆப்கிட்டுக்கும் வருமா, வந்தால் எவ்வளவு காலம் கிடைக்கும்? ஐபேட் செயலியை மேக்கில் ஓடவைக்கும் கேட்டலிஸ்ட் இங்கே உதவுமா? ஐபேட் பதிப்பு செய்வதென்றால் முதலில் எது உடையும்? பணம் எப்படி மாறும்? "ஆப்பிளை நம்பாதே" வகை பதில்கள் ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டன, அவை வேண்டாம்.

மணல்பெட்டி

கவனம் மாறிடுச்சாங்கிற கேள்விக்கு 2007-லேயே பதில் வந்தாச்சு. ஜனவரி 9 அன்னிக்கு ஐபோனைக் காட்டின அதே மேடையில, கம்பெனி பேர்ல இருந்த "கம்ப்யூட்டர்"ங்கிற சொல்லை எடுத்தாங்க. ஏப்ரல்ல, ஜூனுக்கு வரவேண்டிய லெப்பர்ட்ங்கிற மேக் இயங்குதளப் பதிப்பு அக்டோபருக்குப் போச்சு. காரணத்தை மறைக்கவும் இல்லை. மேக் ஓஎஸ் எக்ஸ் குழுவிலிருந்து முக்கியமான நிரலாளர்களையும் சோதனை ஆட்களையும் ஐபோனுக்குக் கடன் வாங்கினோம்னு அறிக்கையிலேயே போட்டாங்க. 2010 டபிள்யூடபிள்யூடிசில (ஆப்பிளோட வருடாந்திர நிரலாளர் மாநாடு) டிசைன் விருதுகள் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் மட்டும்தான், மேக் செயலிக்குப் பிரிவே கிடையாது.

அதுக்கப்புறம் மொபைல்ல வேலை செஞ்ச யோசனைகளை மேக் மேல ஒட்டுற காலம். 2011 மேக் பதிப்பான லயன்ல லாஞ்ச்பேட் (ஐபோன் மாதிரி செயலிகளை அடுக்கிக் காட்டுற திரை), தலைகீழ் ஸ்க்ரோலிங், மறைஞ்சுபோற ஸ்க்ரோல்பார். "சேவ் ஆஸ்" மெனுவை எடுத்துட்டு "டூப்ளிகேட்" வெச்சாங்க. கத்தின கத்துல அடுத்த பதிப்பான மவுண்டன் லயன்ல ஆப்ஷன் விசையை அழுத்தினா மட்டும் தெரியுற மாதிரி திருப்பிக் கொடுத்தாங்க. அதே 2011-ல வந்த வீடியோ தொகுப்புச் செயலி ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், முந்தைய 7-ஆம் பதிப்போட ப்ராஜெக்டைத் திறக்கவே திறக்காது. 2013 மேக் ப்ரோவுக்கு அடுத்த மாடல் 2019 டிசம்பர்ல. நடுவுல 2017 ஏப்ரல்ல சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அந்த வடிவமைப்பு ஒரு முட்டுச்சந்துன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

கணக்கைப் பாருங்க. 2024 நிதியாண்டுல மொத்த வருவாய் சுமார் 39,100 கோடி டாலர். ஐபோன் 20,100 கோடி, மேக் 3,000 கோடி. எட்டு சதவீதம்கூட இல்லாத இடத்துல முதல்தர ஆட்களை யார் உட்கார வைப்பா? மேக் சாகாது. ஆனா நீங்க கொடுக்குற பிழை அறிக்கை வரிசையில பின்னாடிதான் நிக்கும். ஐபேட் பக்கம் ஒரு கால் வெச்சுக்கோங்க.

கரித்தாள்

மேலே சொன்ன நிகழ்வுகள் எல்லாம் சரி. ஆனால் அவற்றிலிருந்து ஒரு செயலியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. மேடையில் எதற்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்பது சந்தைப்படுத்தல் துறையின் கணக்கு. கையிலுள்ள நிரல் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கான தடயம் எஸ்டிகேயின் (நிரலாளர்களுக்கு ஆப்பிள் தரும் கருவித்தொகுப்பு) ஹெட்டர் கோப்புகளில், அதாவது வகுப்புகளையும் செயற்கூறுகளையும் பட்டியலிடும் கோப்புகளில், கிடைக்கும்.

வருவாயையும் இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். 2007 நிதியாண்டில் மேக் வருவாய் சுமார் 1,030 கோடி டாலர். பங்கு சுருங்கியது, தொகை ஏறத்தாழ மூன்று மடங்காகியது. நான்கு பேர் குழுவுக்குத் தொகைதான் முக்கியம்.

கார்பனையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 64-பிட் கார்பன் வராது என்று 2007 டபிள்யூடபிள்யூடிசியில் தெரிந்தது. அந்த அடியை வாங்கியவர்களில் அடோபியும் உண்டு: 2008-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்4 விண்டோஸில் மட்டும் 64-பிட், மேக்குக்கு 2010-இல் சிஎஸ்5-இல்தான் கிடைத்தது. கார்பன் அதிகாரபூர்வமாக வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டது 2012, மவுண்டன் லயனில். 32-பிட் செயலிகளே ஓடாமல் போனது 2019, மேக்ஓஎஸ் கேட்டலினாவில். முதல் எச்சரிக்கையிலிருந்து கடைசி மூச்சு வரை 12 ஆண்டு. ஆப்கிட்டுக்கு அந்த முதல் எச்சரிக்கையே இன்னும் வரவில்லை. வரவும் எளிதில் முடியாது: மேக்கில் ஸ்விஃப்ட்யூஐ காட்டும் சாளரம், மெனு, உரைப்பெட்டி ஆகியவற்றுக்குக் கீழே வேலை செய்வது ஆப்கிட்தான். 2020 மேக்ஓஎஸ் பிக் சர் மறுவடிவமைப்பின் புதிய கருவிப்பட்டைப் பாணிகளும் பக்கப்பட்டை அமைப்பும் ஆப்கிட்டின் வழியாகத்தான் வந்தன.

நீங்களே சோதிக்க ஒரு வழி. ஆப்பிளின் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடின் இரண்டு பதிப்புகளை, நடுவில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கும்படி, இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பொதிக்குள்ளும் மேக்ஓஎஸ் எஸ்டிகே அடைவு, அதில் ஆப்கிட்டின் ஹெட்டர்கள். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டு டிஃப் போடுங்கள். தேட வேண்டியவை மூன்று: இந்த ஆண்டின் பதிப்பு எண்ணுடன் புதிதாக வந்த அறிவிப்புகள், புதிதாக வழக்கொழிந்ததாகக் குறித்தவை, மூன்றாவதாக, வழக்கொழியும் பதிப்பு 1,00,000 என்று போட்டிருப்பவை. இந்த மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. "இப்போது எச்சரிக்கை காட்ட மாட்டோம், ஆனால் ஒருநாள் போகும்" என்பதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் குறி அது. கம்பைலர் வாயைத் திறக்காது, நீங்களாகத் தேடினால்தான் தெரியும். உங்கள் நிரல் தொடும் வகுப்புகளில் எத்தனை இந்தக் கூடையில் விழுகின்றன என்று எண்ணிவிட்டால், எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற விவாதத்துக்கு ஓர் உருவம் வரும்.

இன்னொன்று. புதியவை எல்லாம் மொபைலில்தான் முதலில் பிறக்கின்றன என்பதும் பாதி உண்மை. வரைகலைக்கான மெட்டல் ஐஓஎஸ் 8-இல் 2014-இல் வந்தது, மேக்குக்கு ஓராண்டு கழித்து. கலெக்‌ஷன் வியூ 2012-இல் ஐஓஎஸில் நன்றாக இருந்தது, மேக்கில் அந்த வடிவம் 2015-இல்தான். ஆனால் வேலைகளைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் கிராண்ட் சென்ட்ரல் டிஸ்பாட்ச் 2009-இல் மேக்கில் பிறந்து அடுத்த ஆண்டு ஐஓஎஸுக்குப் போனது. திரை உறுப்புகளை அடுக்கும் ஆட்டோ லேஅவுட்டும் அப்படியே, 2011-இல் மேக், 2012-இல் ஐஓஎஸ். தரவைச் சேமிக்கும் கோர் டேட்டா மேக்கில் 2005, ஐபோனில் 2009. ஸ்விஃப்ட்யூஐயின் பல நெடுவரிசை அட்டவணைகூட மேக்ஓஎஸ் 12-இல் முதலில் வந்தது, ஐபேடுக்கு ஓராண்டு பிந்தி.

மணல்பெட்டி

ஹெட்டரை எண்ணுங்கிறது நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். ஆனா ஹெட்டர்ல இருக்குறது எல்லாம் பராமரிக்கப்படுதுன்னு அர்த்தம் ஆகாது. வரைகலைக்கான ஓப்பன்ஜிஎல் மேக்ல 4.1-லேயே பல வருஷம் நின்னு, 2018-லதான் வழக்கொழிஞ்சதுன்னு முத்திரை குத்தினாங்க. முத்திரைக்கு முன்னாடியே அது நடைபிணம். அதனால டிஃப்ல "எது மாறலை"ங்கிறதையும் பாருங்க. அஞ்சு வருஷமா ஒரு வரிகூட மாறாத ஹெட்டர், ஒண்ணு முழுமையா முடிஞ்சதா இருக்கும், இல்ல ஆளில்லாத வீடா இருக்கும்.

கரித்தாள்

சரியான திருத்தம். மாறாதவற்றுக்கு ஆண்டுதோறும் வரும் ஆப்கிட் வெளியீட்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹெட்டர் மாறாமல் நடத்தை மட்டும் மாறும் இடங்கள் அங்கே இருக்கும்.

அடுக்குப்பிரி

எது முதலில் உடையும் என்ற கேள்விக்கு வருகிறேன். விவாதம் எப்படி முடிந்தாலும் செய்தே ஆகவேண்டிய வேலைகள் இவை. இடைமுகத்தை எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் உடைவது கோப்பு வடிவம்.

கீட்-ஆர்க்கைவரில் நிறத்தை எழுதியிருக்கிறீர்கள் என்றால், கோப்புக்குள் என்எஸ்கலர் என்ற வகுப்புப் பெயர் பதிந்திருக்கும். ஐபேடில் அப்படியொரு வகுப்பே இல்லை. திறக்கும்போதே பிழை. அன்ஆர்க்கைவரில் வகுப்புப் பெயரைத் திசைதிருப்பி ஏமாற்றலாம், ஆனால் உள்ளேயிருக்கும் சாவிகள் ஆவணப்படுத்தப்படாதவை. நிறவெளியைப் பொறுத்து வேறு வேறாக இருக்கும். அந்த வழி வேண்டாம். நிறத்தை நான்கு தசம எண்களாகவும் நிறவெளியின் பெயராகவும் எழுதுங்கள். எழுத்துருவைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், அளவு என்று எழுதுங்கள். கோப்புக்குப் புதிய வடிவ எண் கொடுத்து, பழையதைப் புதியதாக மாற்றும் வேலையை மேக் பதிப்பே, திறக்கும் நேரத்தில், செய்யட்டும். இந்த மாற்றம் உள்ள மேக் பதிப்பு ஐபேட் பதிப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே பயனர் கைக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஐபேட் வெளியாகும் நாளில் பாதிப் பேரின் கோப்புகள் பழைய வடிவில்தான் இருக்கும்.

அடுத்தது ஆயத்தொலைவு. ஆப்கிட்டில் இயல்பான தொடக்கப்புள்ளி கீழ் இடது மூலை, ஐபேடின் இடைமுகத் தொகுப்பான யூஐகிட்டில் மேல் இடது மூலை. வரைபடப் பொருள்களின் இடத்தை ஆப்கிட் கணக்கிலேயே சேமித்திருந்தால் ஐபேடில் படம் தலைகீழ். வரையும் இடத்தில் அங்கங்கே உயரத்திலிருந்து கழித்துச் சமாளிக்காதீர்கள். சுழற்றிய பொருள், கிளிப் செய்த பொருள் என்று வரும்போது எங்கே கழித்தோம் எங்கே விட்டோம் என்று தெரியாமல் போகும். மையத் தரவை மேல்-இடது கணக்குக்கு ஒரே தடவையில் மாற்றிவிட்டு, மேக் வியூவை "புரட்டப்பட்டது" என அறிவித்துவிடுங்கள்.

வரையும் நிரல், இரண்டு தளத்துக்கும் பொதுவான கோர் கிராஃபிக்ஸ், கோர் டெக்ஸ்ட் அளவில் இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றமின்றி ஓடும். ஆப்கிட்டின் என்எஸ்பெசியர்பாத்தில் இருந்தால் ஓடாது. அதிலிருந்து கோர் கிராஃபிக்ஸின் சிஜிபாத் எடுக்கும் வசதி மேக்ஓஎஸ் 14-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு உறுப்புகளை ஒவ்வொன்றாக நடந்து மாற்றும் சிறு செயற்கூறு எழுத வேண்டும், ஐம்பது வரிக்குள் முடியும்.

அடைவாக இருக்கும் கோப்பு இன்னொரு தலைவலி. மேக்கில் ஃபைண்டர் அதை ஒரே கோப்பாகக் காட்டும். மின்னஞ்சலிலோ வேறு மேகச் சேமிப்பிலோ போகும்போது அது அடைவாகச் சிதறும், அல்லது ஜிப்பாகிப் போய்ச் சேரும். இதைவிட மோசம் உள்ளே இருக்கும் எஸ்க்யூலைட். வால் (WAL: மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக்கோப்பில் எழுதுவது) முறையில் ஓடும் தரவுத்தளம் உண்மையில் மூன்று கோப்பு: முதன்மை, வால், பகிர்நினைவுக் கோப்பு. ஒத்திசைவு நிரலுக்கு இந்த மூன்றும் ஒரே உயிர் என்பது தெரியாது. முதன்மை புதிது, வால் பழையது என்று மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் தரவு சிதையும், அதுவும் சில நாள் கழித்துத்தான் வெளியில் தெரியும். திறந்திருக்கும் தரவுத்தளத்தை ஐக்ளவுட் அடைவில் வைக்கவே கூடாது. வேலை நடப்பது செயலியின் சொந்த இடத்தில். சேமிக்கும்போது செக்பாயின்ட் செய்து (வாலில் உள்ளதை முதன்மைக்குள் சேர்த்து), வால் இல்லாத ஒரே கோப்பாக எழுதி, கோப்பை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் ஃபைல் கோஆர்டினேட்டர் வழியாக இடம்மாற்றுங்கள்.

இணைப்பாக வைத்த படங்கள் (முழுப் பாதை, அல்லது கோப்பின் இடத்தைக் குறிக்கும் மேக் புக்மார்க்) ஐபேடில் திறக்காது. மேக்கில் உருவாக்கிய புக்மார்க் ஐபேடில் பொருளற்ற பைட்டுகள். படத்தை ஆவணத்துக்குள்ளேயே நகலெடுக்கும் தெரிவை இயல்பாக்குங்கள்.

மோதல்களையும் மறந்துவிடாதீர்கள். ஒரே ஆவணம் இரண்டு கருவியில் மாறினால் என்எஸ்டாக்குமென்ட் தானே ஒரு பெட்டியைக் காட்டி எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்கும். ஐபேடில் அதற்கு இணையான யூஐடாக்குமென்ட் "மோதலில் இருக்கிறேன்" என்று நிலையை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கும். பதிப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டி, தேர்ந்ததை வைத்து, மற்றதைத் தீர்ந்ததாகக் குறிப்பது உங்கள் பொறுப்பு.

நினைவகம். மேக்கில் நினைவகம் போதாவிட்டால் வட்டுக்குத் தள்ளிச் சமாளிக்கும், பயனருக்கு மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான். ஐபேடில் பெரும்பாலான மாடல்களில் அப்படி ஒதுக்கிடம் இல்லை. எல்லை தாண்டினால் இயங்குதளம் செயலியை அந்த இடத்திலேயே கொல்லும். 6000 × 4000 பிக்சல் படம் வட்டில் சில எம்பி, விரித்தால் 6000 × 4000 × 4 = 96 எம்பி. ஒரு பக்கத்தில் இப்படிப் பத்துப் படம் வைக்கும் பயனர் நிச்சயம் இருப்பார். முழுப் படத்தை விரித்துவிட்டுச் சுருக்காதீர்கள். படங்களைப் படிக்கும் இமேஜ்ஐஓ-வில் சிறுபடம் உருவாக்கும் வழியில் திரைக்குத் தேவையான பிக்சல் அளவுக்கே நேராக விரியுங்கள். மீதமிருக்கும் நினைவகத்தைக் கேட்டறியும் செயற்கூறு ஐஓஎஸ் 13 முதல் இருக்கிறது. மெமரி வார்னிங் வரும் வரை காத்திருப்பது தாமதம்.

பின்னணிக்குப் போனதும் கூடுதல் நேரம் கேட்டால் ஏறத்தாழ 30 வினாடி கிடைக்கும். பகிர்வு அடைவில் உள்ள தரவுத்தளத்தின் பூட்டைப் பிடித்தபடியே செயலி உறைந்தால், இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டு, அறிக்கையில் "டெட் லாக்" என்று வாசிக்கும்படி அமைந்த ஒரு பதினறும எண்ணைப் போடும். திறக்கும்போது முதன்மை இழையில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் வருவது "ஏட் பேட் ஃபுட்". நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். மேக்கில் பெரிய ஆவணத்தைத் திறக்க இருபது வினாடி காத்திருப்புப் பந்து சுற்றினால் பயனர் முணுமுணுப்பார். இங்கே செயலி இருக்காது.

பைண்டிங்ஸ் ஐபேடில் கிடையாது. அது நிரலுக்குள் இல்லாமல் நிப்புக்குள் இருப்பதால், எங்கெங்கே தர்க்கம் ஒளிந்திருக்கிறது என்று கம்பைலர் சொல்லாது. நிப்பின் மூலமான எக்ஸ்ஐபி (.xib) கோப்புகள் எக்ஸ்எம்எல்தான். பைண்டிங் குறிச்சொற்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றையும் மேக்கிலேயே, செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிரலுக்கு மாற்றுங்கள். இதை ஐபேட் வேலையோடு சேர்த்துச் செய்தால், பிழை எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று பிரிக்க முடியாது.

வரிசை என்று கேட்டால்: கோப்பு வடிவம், ஆயத்தொலைவு, பைண்டிங்ஸ் நீக்கம், பிறகு மையத்தைத் தனி ஸ்விஃப்ட் பேக்கேஜாகப் பிரிப்பது. பிரித்த பேக்கேஜில் ஆப்கிட்டை இம்போர்ட் செய்யும் வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்தப் பேக்கேஜை ஐஓஎஸ் இலக்குக்கும் தினமும் பில்ட் செய்துகொண்டே இருங்கள், எவராவது தவறி ஆப்கிட்டை இழுத்தால் அன்றே தெரிந்துவிடும். இத்தனையும் முடியும் வரை ஐபேட் திரை ஒன்றுகூட வரைய வேண்டாம். நடுவில் ஐபேட் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இந்த வேலை வீணாகாது.

தாள்கட்டு

கோப்பு வடிவம் பட்டியலிலேயே இல்லை எங்களிடம். நன்றி. கேட்டலிஸ்ட் பற்றி யாரும் தொடவில்லை. அடுக்குப்பிரி சொல்வதுபோல மையத்தைப் பிரித்துவிட்டு, ஐபேட் இடைமுகம் எழுதிய பிறகு அதையே கேட்டலிஸ்ட் வழியாக மேக்குக்குக் கொண்டுவந்து, ஆப்கிட் பதிப்பை நிறுத்திவிட்டால் ஒரே இடைமுகம்தானே பராமரிக்க வேண்டியிருக்கும்?

இரட்டைத்தோல்

செய்யலாம், ஆனால் இருக்கிற பயனர்கள் மன்னிக்க மாட்டார்கள். கேட்டலிஸ்ட் ஐபேடில் செயலி வைத்திருந்து மேக்கில் இல்லாதவர்களுக்கானது. ஒருவழிப் பாதை. நல்ல மேக் செயலி ஏற்கெனவே உள்ளவருக்கு அது இறங்குபடி.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு. 2019-இல் வந்த முதல் வடிவத்தில் ஐபேட் திரை அப்படியே 77 சதவீதமாகச் சுருக்கப்படும். 17 புள்ளி எழுத்து 13 புள்ளியாகத் தெரியும், மேக்கின் இயல்பான எழுத்தளவு அதுதான். கணக்கு அங்கிருந்து வந்தது. மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கும். வரைபடச் செயலிக்கு அது கண்ணை உறுத்தும். பிக் சரில் வந்த மேக் இடியத்தை (மேக்குக்கே உரிய தோற்ற அமைப்பு) தேர்ந்தால் சுருக்கம் இல்லை, பொத்தான்களும் மேக் பொத்தான்களாகவே வரும். ஆனால் எண்ணாக எழுதிவைத்த அளவுகள் எல்லாம் தவறிப்போகும், திரை திரையாக மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஆப்கிட்டில் மட்டும் கிடைப்பதை எட்ட ஒரு பின்வாசல் உண்டு. மேக் பண்டில் வகை இலக்கு ஒன்றை உருவாக்கி, அதில் ஆப்கிட் நிரலை எழுதுங்கள். அதைச் செயலியின் ப்ளக்இன்ஸ் அடைவில் சேருங்கள், கேட்டலிஸ்ட் பில்டுக்கு மட்டும் என வடிகட்டி. ஓடும் நேரத்தில் பண்டிலை ஏற்றி, அதன் முதன்மை வகுப்பை இரு பக்கமும் தெரிந்த ஒரு ப்ரோட்டோகால் வழியாக அழையுங்கள். இரண்டு மூன்று தேவைக்கு இது போதும். முப்பது தேவை வந்துவிட்டால், நீங்கள் ஆப்கிட் செயலியைத்தான் சுற்றுவழியில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுக்குப்பிரி

உடன்படுகிறேன். தொடு இலக்குக்கு 44 புள்ளி வேண்டும் என்று வடிவமைத்த பண்புப் பலகை, சுட்டிக்காரருக்குப் பாதித் திரையை விழுங்கும். இரண்டு இடைமுகம், ஒரே மையம்.

மணல்பெட்டி

நாலு பேர் வெச்சு ரெண்டு இடைமுகமா? அதுக்குத்தானே ஸ்விஃப்ட்யூஐ?

இரட்டைத்தோல்

ஸ்விஃப்ட்யூஐ இரண்டு பக்கமும் ஒரே நிரல் என்று சொல்வதில்லை, ஒரே பாடம் என்றுதான் சொல்கிறது. முழு மறு எழுத்துக்கு முன் குறைந்தபட்ச மேக்ஓஎஸ் பதிப்பை முடிவு செய்யுங்கள். அட்டவணைக்கு 12, புதிய பிரிசாளர வழிசெலுத்தலுக்கு 13, தரவு மாற்றத்தைக் கவனிக்கும் அப்சர்வபிள் மேக்ரோவுக்கு 14. மேசைக் கணினிக்காரர்கள் பழைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் இருப்பார்கள். தற்போதைய பயனர்கள் எந்தப் பதிப்பில் என்பதைப் புதுப்பிப்புச் சோதனையின் சர்வர் பதிவிலிருந்து எடுக்கலாம். 14-க்குக் கீழே எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கலந்து செய்வதே நடைமுறை. விருப்பத்தேர்வுச் சாளரம், பண்புப் பலகை, பங்கீட்டுத் தாள் போன்ற படிவம் சார்ந்தவை ஸ்விஃப்ட்யூஐயில், ஹோஸ்டிங் வியூ வழியாக ஆப்கிட்டுக்குள். இவை ஐபேடுக்கும் பெரும்பாலும் அப்படியே போகும். வரைபடப் பரப்பு, பல ஆயிரம் வரிசை கொண்ட பட்டியல், உரைத் தொகுப்பு ஆகியவை அந்தந்தத் தளத்தின் சொந்த வியூவில்.

உரைத் தொகுப்பில் எல்லோரும் விழும் ஒரு குழி. ஆப்கிட்டின் உரைப்பெட்டியான என்எஸ்டெக்ஸ்ட்வியூவை ஸ்விஃப்ட்யூஐக்குள் பொதிந்து, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உரையை மறுபடி வைத்தால் கர்சர் கடைசிக்குத் தாவும். உரை உண்மையிலேயே வேறாக இருந்தால் மட்டும் வையுங்கள், தேர்வு வரம்பை எடுத்துவைத்துத் திரும்பப் போடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இதன் இரண்டாம் பாகம் தெரியாது: ஜப்பானியம்போல முடிவாகாத எழுத்துகளை இடையில் வைத்திருக்கும் உள்ளீட்டு முறைகளில் தட்டும்போது உரையை மாற்றி வைத்தால் எழுத்து பாதியில் உடையும், இரட்டிக்கும். குறியிட்ட உரை (அந்த முடிவாகாத எழுத்துகள்) இருக்கும்வரை தொடவே கூடாது.

மணல்பெட்டி

சரி, மறு எழுத்து வேண்டாம்கிறதுக்கு இது நல்ல காரணம். மேக்ல ஓரமா ஸ்விஃப்ட்யூஐ, நடுவுல ஆப்கிட். ஐபேட்ல நடுப்பரப்பு மட்டும் யூஐகிட்ல புதுசு. அப்படின்னா நாலு பேர் போதும்.

சில்லறை

பணம் பற்றிச் சுருக்கமாக. இப்போது நேரடி விற்பனை: ஆண்டுக்கு 99 டாலர் உறுப்பினர் கட்டணம், டெவலப்பர் ஐடி கையொப்பம், நோட்டரைசேஷன் (ஆப்பிளின் தீநிரல் சோதனை), அவ்வளவே. (பில்ட் ஸ்கிரிப்டில் இன்னும் பழைய கட்டளையான ஆல்ட்டூல் இருந்தால், நோட்டரைசேஷனுக்கு அது 2023 நவம்பர் 1 முதல் செல்லாது; நோட்டரிட்டூல்தான்.) ஐபேடுக்கு வந்தால் ஸ்டோர். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருந்து சிறுநிறுவனத் திட்டத்தில் விண்ணப்பித்துச் சேர்ந்தால் 15 சதவீதம், சேராவிட்டால் 30. தானாகச் சேர்க்க மாட்டார்கள்.

மேம்படுத்தலுக்குத் தனி விலை என்ற வசதி ஸ்டோரில் இல்லை. பதிப்பு 5-லிருந்து 6-க்குப் பாதி விலை என்று மேக்கில் விற்கும் முறை அங்கே செல்லாது. சந்தா, அல்லது முழு வசதியைத் திறக்கும் ஒருமுறைக் கொள்முதல் என்று மாற வேண்டும்.

மேக்கில் ஏற்கெனவே வாங்கியவர் ஐபேடில் உரிம எண்ணைப் போட்டுத் திறக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பல தளங்களில் இயங்கும் சேவை வேறு இடத்தில் வாங்கியதை அனுமதிக்கலாம், ஆனால் அதே வசதி செயலிக்குள்ளும் வாங்கக் கிடைக்க வேண்டும் என்பது ஸ்டோர் விதி. கணக்கு உள்நுழைவு வழியாகச் செய்யுங்கள். உரிம எண் கேட்கும் பெட்டியை மட்டும் வைத்தால் மறுப்பு வரும். 2020 மார்ச்சில் வந்த யுனிவர்சல் பர்ச்சேஸ் (ஒருமுறை வாங்கினால் இரண்டு தளத்திலும் கிடைப்பது) உங்களுக்கு உதவாது. மேக் பதிப்பும் ஸ்டோரில் இருந்தால்தான் அது.

தாள்கட்டு

விருப்பத்தேர்வுச் சாளரமும் பண்புப் பலகையும் ஸ்விஃப்ட்யூஐ, மற்றவை அப்படியே. அதற்கு முன் கோப்பு வடிவம். இதை இரண்டு கட்சியும் ஏற்றுக்கொள்ளும் என்று தோன்றுகிறது. வடிவ எண் மாறிய கோப்பைப் பழைய மேக் பதிப்பில் திறந்தால் என்ன ஆகும்?

அடுக்குப்பிரி

பழைய பதிப்பு வடிவ எண்ணைப் படித்து, தெரியாததென்றால் மறுக்கும்படி எழுதியிருந்தால் நல்லது. எழுதவில்லை என்றால் தெரியாத பகுதிகளை விட்டுவிட்டுத் திறந்து, தானியங்கிச் சேமிப்பில் அவற்றை அழித்துவிடும். அதைத் தடுக்கக் கோப்பின் நீட்டிப்பையும் யூடிஐ-யையுமே (கோப்பு வகையின் அடையாளப் பெயர்) மாற்றுங்கள். பழைய பதிப்பு அந்தக் கோப்பைத் தன்னுடையதாகவே அறியாது. மாற்றும்போது மூலக் கோப்பை அப்படியே பக்கத்தில் விட்டுவிட்டு நகலை மாற்றுங்கள்.

சில்லறை

விட்டுப்போன ஒன்று. ஐபேட் செயலி ஸ்டோரில் ஏறியதும், ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள) மேக்குகளிலும் அது தானாகவே கிடைக்கும்படி ஆகிவிடும், இயல்பு அமைப்பு அப்படி. உங்கள் ஆப்கிட் செயலி இருக்கும்போதே, அதே பெயரில் ஐபேட் வடிவத்தை மேக்கில் நிறுவிவிட்டு "கருவிப்பட்டை எங்கே" என்று எழுதுவார்கள். முதல் பதிப்பைச் சமர்ப்பிக்கும் முன் ஆப் ஸ்டோர் கனெக்டில் விலை, கிடைக்குமிடம் பக்கத்துக்குப் போய் மேக்குக்கான அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.